இரண்டு நிமிடம் பிந்திய படம்

ஒரு வேலையைக் குறையே இல்லாமல் செய்து கொடுக்கிற மனிதர், அந்தக் குறையின்மையாலேயே இன்னொருவருக்குத் தீங்கு செய்துவிட முடியுமா? யேசுரட்ணத்தை அறிந்தவர்களுக்கு இந்தக் கேள்வி எப்போதாவது வரும். அவர் அதைக் கேட்டதில்லை. கேள்விகளோடு நெடுநேரம் இருக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. பழுது எங்கே என்று தேடுவார், கண்டதும் திருத்துவார், தேநீர் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார்.

மன்னாரிலிருந்து முப்பது வருடங்களுக்கு முன் லண்டனுக்கு வந்தவர். பிளேஸ்டோவில் முதல் மாடியில் இரண்டு அறை வீடு, மனைவி கத்தரின், ஒரு சாமான் கிடங்கில் காலை ஷிப்ட். வெளியே சொல்லக்கூடிய வாழ்க்கை இவ்வளவுதான். மற்றதெல்லாம் பிற்பகலில் நடந்தது. தமிழ்ச் சனல்களுக்காகக் கூரைகளில் டிஷ் பூட்டிய காலத்தில் ஏணியோடு திரிந்தார். டிஷ் போய், தொலைக்காட்சியின் பின்னால் செருகி இணையத்தில் படம் பார்க்கும் ஸ்டிக் வந்தபோது ஏணியை விட்டுவிட்டு ஒரு சிறு கைப்பையோடு திரிந்தார். கிழக்கு லண்டன் கத்தோலிக்கக் குடும்பங்களில் அவருக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது: சுத்தாத ரட்ணம். படம் நடுவில் நின்று ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருக்குமே, அவர் கை வைத்த வீட்டில் அது சுற்றாது என்பது பொருள்.

"எங்கட குசினிக் குழாய் மூண்டு மாசமா ஒழுகுது. அதைப் பாக்க ஏலாது. ஊராற்ர ரீவி எண்டா மட்டும் ஓடுவியள்," என்பாள் கத்தரின்.

"குழாய் ஒழுகினாலும் தண்ணி வருதெல்லே," என்பார் அவர்.

அவர் வேலை செய்யும் விதத்தை ஒருமுறையாவது பார்த்திருக்க வேண்டும். ஃபாரஸ்ட் கேட்டில் குமுதினி என்ற பெண்ணின் வீட்டில் ஒவ்வொரு நாளும் மாலையில் படம் நின்றது.

"ரீவிக்குப் பேய் பிடிச்சிருக்கு அண்ணை. ஏழு மணியானா வரும்."

"ஏழு மணிக்கு நீங்கள் என்ன செய்யிறனீங்கள்?"

"சாப்பாடு சூடாக்கிறனான்."

"எதில பிள்ளை?"

"மைக்ரோவேவில."

அவர் சமையலறைக்குள் போனார். மைக்ரோவேவின் தலையில், பின்னல் துணி ஒன்றால் மூடப்பட்டு, இணையப் பெட்டி உட்கார்ந்திருந்தது.

"இந்தா உங்கட பேய். முக்காடு வேற போட்டிருக்கு," என்றார்.

மைக்ரோவேவ் ஓடும்போது இணைய அலை குழம்பும் என்று சொல்லி, பெட்டியை வரவேற்பறைக்குக் கொண்டுவந்தார். சுவரோரமாக ஒரு கேபிளை இழுத்து ஸ்டிக்குக்கு நேராகக் கொடுத்தார். ஸ்டிக் தொலைக்காட்சியின் பக்கத் துளையிலிருந்து மின்சாரம் எடுத்துக்கொண்டிருந்தது. அதைக் கழற்றிச் சுவரில் செருகினார். "ரீவி குடுக்கிற கரண்ட் இதுக்குப் பத்தாது. அரை வயித்தோட ஆர் ஓடுவினம்?" என்றார். பிறகு படத்தின் தெளிவை நான்கு கே-யிலிருந்து ஒரு படி கீழே இறக்கினார். குமுதினியின் கணவருக்கு அது பொறுக்கவில்லை.

"அண்ணை, நாலு கே பாக்கத்தானே இந்த ரீவி வாங்கினது."

"உங்கட லைன் அவ்வளவு சுமக்காது. துள்ளித் துள்ளி நாலு கே பாக்கப்போறியளோ, தடங்காமல் எச்டி பாக்கப்போறியளோ?"

கணவர் எச்டி என்றார். எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். வேலை முடிந்ததும் அவர் கிளம்பமாட்டார். செய்திச் சனல் ஒன்றைப் போட்டு, திரையின் அடியில் ஓடும் எழுத்து வரியைப் பத்து நிமிடம் பார்ப்பார். முகங்கள் ஏமாற்றும், ஓடுகிற எழுத்து ஏமாற்றாது என்பது அவர் கணக்கு. எழுத்து ஒரு துளியும் உதறாமல் வழுக்கிப் போனால்தான் பையை மூடுவார்.

ஆனால் ஊரிலிருந்து நேரடியாக வரும் படம் வேறு வகை. திருவிழா, பூசை, கலியாணம், சாவீடு எல்லாவற்றையும் இப்போது நேரலையில் விடுகிறார்கள். அங்கே லைன் மெலிந்தது, மழைக்கு நிற்கும், கூட்டம் கூடினால் நிற்கும். அதற்கு யேசுரட்ணம் ஒரு வழி வைத்திருந்தார். சிறிய கணினி ஒன்றைத் தொலைக்காட்சியோடு இணைத்து, வரும் படத்தை உடனே காட்டாமல் இரண்டு நிமிட அளவு சேர்த்து வைக்கச் செய்தார். பிறகு அந்தச் சேமிப்பிலிருந்து காட்டும். நடுவில் லைன் ஒரு நிமிடம் அறுந்தாலும் பார்ப்பவருக்குத் தெரியாது. எல்லா வீட்டிலும் ஊர்ப் பூசை கண்ணாடிபோல ஓடியது.

இதில் உள்ள பழுதை ஒருவர் மட்டும் சொன்னார். கோலியர்ஸ் வுட்டில் இருக்கும் குருமூர்த்தி, சென்னைக்காரர், ஒரு வங்கியில் கணினி வேலை. வீட்டுத் தொலைக்காட்சியைத் திருத்த யேசுரட்ணத்தைக் கூப்பிட்டிருந்தார்.

"ஆஃபீஸ்ல இதே வேலையத்தான் சார் பண்றேன். வீட்ல நான் பண்ணா என் ஒய்ஃப் நம்பமாட்டேங்குறா," என்று சிரித்தவர், இரண்டு நிமிட ஏற்பாட்டைக் கேட்டதும் தலையை ஆட்டினார். "கிரிக்கெட்டுக்கு மட்டும் இது வேணாம் சார். பக்கத்து வீட்டுக்காரன் கத்தி முடிச்சு டீ குடிக்கப் போனப்புறம்தான் எனக்கு சிக்ஸர் வரும். நீங்க காட்டுறது நடக்குறது இல்ல சார், நடந்து முடிஞ்சது."

"இரண்டு நிமிசத்தில என்ன தம்பி குறைஞ்சுபோகுது? நிண்டு நிண்டு பாக்கிறதை விட நல்லதெல்லே," என்றார் யேசுரட்ணம்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பூசையில் திரையிலுள்ளவர்கள் முழந்தாளிடும்போது பிளேஸ்டோவில் இருப்பவர்களும் முழந்தாளிட்டார்கள். இரண்டு நிமிடம் பிந்திய செபத்தைக் கடவுள் ஏற்கமாட்டார் என்று யாரும் அஞ்சவில்லை. அதுவரை அவர் செய்து கொடுத்ததெல்லாம் பார்ப்பதற்குத்தான். அந்தப் பக்கத்தில் யாரும் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை.

கிளறிற்றா யேசுரட்ணம் போகும் தேவாலயப் பங்கைச் சேர்ந்தவள். முப்பத்துநான்கு வயது. லண்டனுக்குப் படிக்க வந்து, முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்து, இங்கேயே தங்கிவிட்டவள். தாய் சின்ன வயதிலேயே இறந்ததால் மன்னாரில் அவளை வளர்த்தது மூத்த சகோதரி றோஸ்மலர். படிப்பு முடிந்தால் திரும்பி வரவேண்டும் என்று றோஸ்மலர் தொலைபேசியில் கடுமையாகச் சொன்னபோது கிளறிற்றா கேட்ட ஒரு கேள்வியோடு இருவருக்கும் பேச்சு நின்றது. "நீ என்னைப் பெத்தனியோ?" ஆறு வருடங்கள். இரண்டு பேரும் மற்றவள் முதலில் அழைப்பு எடுக்கட்டும் என்று இருந்தார்கள்.

ஒரு மே மாதம் றோஸ்மலர் திடீரென்று இறந்தாள். கிளறிற்றா விசா அலுவலாகக் கொடுத்திருந்த கடவுச்சீட்டு இன்னும் திரும்பி வந்திருக்கவில்லை. போக முடியாது.

இந்த மாதிரிச் சாவுகளுக்கு ஒரு வழக்கம் உண்டாகியிருக்கிறது. வீட்டில் செபம் முடிந்து, சவப்பெட்டியை மூடுமுன், வெளிநாட்டில் இருப்பவர் தொலைபேசியில் கடைசி வார்த்தை சொல்வார். அங்கே நிற்கும் ஒருவர் அந்தத் தொலைபேசியை இறந்தவரின் காதோடு பிடிப்பார். இதற்குச் சமய நூலில் இடமில்லை. ஆனாலும் எந்தப் பாதிரியாரும் இதை மறித்ததில்லை.

றோஸ்மலரின் மகள் ஜெனோஜா அடக்கத்துக்கு முதல் நாளே பேசினாள். "சித்தி, பாதர் தீர்த்தம் தெளிச்சு முடிச்ச உடனே எனக்குக் கோல் எடுங்கோ. நான் அம்மான்ர காதில வச்சுப் பிடிக்கிறன். நீங்கள்தான் எடுக்கவேணும். அந்த நேரத்தில எனக்குக் கை ஓடாது."

கிளறிற்றா தங்கியிருந்த அறையில் நல்ல தொலைக்காட்சி இல்லை. சாவீட்டு நேரலையை யேசுரட்ணத்தின் வீட்டில் பார்ப்பதாக ஏற்பாடு. வெள்ளி மாலை அவரிடம் ஒன்றே ஒன்றைக் கேட்டாள்.

"அண்ணை, எப்ப எடுக்கவேணுமெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

"ரீவியைப் பாத்துக்கொண்டிருங்கோ பிள்ளை. பாதர் தெளிக்கிறது துளி துளியாத் தெரியும். கண்ட உடனே பட்டனை அமத்துங்கோ. என்ர வீட்டில படம் நிக்காது, பயப்பிடாதேங்கோ."

இரண்டு நிமிடத்தை அவர் மறந்தார் என்று சொல்வது சரியாகாது. தன் கையால் வைத்ததை எப்படி மறப்பார்? அது அவருக்கு ஒரு பழுதாகத் தோன்றியதே இல்லை, அதனால் நினைவுக்கு வரவில்லை. நாம் குறையென்று கருதுவதைத்தான் காவல் காக்கிறோம். பெருமையைக் காவல் காப்பதில்லை.

சனிக்கிழமை காலை பதினொரு மணி. மன்னாரில் பிற்பகல். யேசுரட்ணத்தின் வரவேற்பறையில் பங்கு மக்கள் பத்துப் பன்னிரண்டு பேர். படம் அபாரமாக ஓடியது. றோஸ்மலரின் நெற்றியில் இருந்த சிறு தழும்பு தெரிந்தது. செபம் முடிந்தது. பாதிரியார் தீர்த்தம் தெளித்தார். துளிகள் உண்மையாகவே ஒவ்வொன்றாகத் தெரிந்தன. கமரா முகத்தை நெருங்கி நின்றது. கிளறிற்றா பொத்தானை அழுத்தினாள். சத்தம் இரட்டிக்காமல் இருக்க யேசுரட்ணம் தொலைக்காட்சியின் ஒலியை அணைத்தார். ஸ்பீக்கரில் ஜெனோஜாவின் குரல் வந்தது.

"சித்தி…"

"காதில வச்சிட்டியோ மோனை?"

ஸ்பீக்கரில் ஏதோ உரசும் சத்தம் வந்தது.

"ஓம் சித்தி. கதையுங்கோ."

"அக்கா, நான்தான். கிளறி," என்று அவள் தொடங்கினாள். கண் திரையிலிருந்த முகத்தில் இருந்தது.

அவளுடைய குரலுக்குப் பின்னால், தொலைபேசியின் அந்தப் பக்கத்திலிருந்து, பாட்டுச் சத்தம் கேட்டது. சவப்பெட்டி மூடியபின் பாடும் பாட்டு. அறையில் எல்லாரும் அழுதுகொண்டிருந்தார்கள், யாரும் கவனிக்கவில்லை. படமும் சத்தமும் ஒத்துப்போகிறதா என்று ஆயிரம் வீடுகளில் காது கொடுத்த மனிதர் மட்டும் கவனித்தார். திரையில் முகம் திறந்திருந்தது. தொலைபேசியில் அது மூடப்பட்டிருந்தது. இன்னும் சில நொடிகளில் அந்த மூடி திரைக்கும் வரும். கிளறிற்றா பேசிக்கொண்டிருக்கும்போதே, அவள் கண் முன்னால் வரும்.

"நீதான் என்னைப் பெத்தனி அக்கா. அண்டைக்கு நான் கேட்டது பிழை. பெரிய பிழை," என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

யேசுரட்ணத்தின் கை தொலைக்காட்சியின் பின்பக்கம் போனது. முதலில் இணையக் கேபிளைப் பிடித்தார். அதை இழுத்துப் பயனில்லை என்று அந்தக் கைக்கே தெரிந்திருக்க வேண்டும். சேர்த்து வைத்த படம் அப்போதும் தடங்காமல் ஓடும். அதை விட்டுவிட்டு மின்செருகியைப் பிடுங்கினார். திரை கறுத்தது. அவர் பிடுங்கியதைக் கத்தரின் மட்டும் கண்டாள்.

கிளறிற்றா கறுத்த திரையைப் பார்த்தபடியே பேசி முடித்தாள். பிறகு கதிரையில் சரிந்து அழுதாள். அந்த அழுகையில் ஒரு ஆறுதல் இருந்தது என்று அங்கே இருந்தவர்கள் சொன்னார்கள். படம் மீண்டும் வந்தபோது சவப்பெட்டி தோள்களில் ஏறி வாசலைத் தாண்டியிருந்தது.

வெளியே போகும்போது இராஜேந்திரன் என்ற முதியவர் சப்பாத்தைப் போட்டபடி சொன்னார். "சுத்தாத ரட்ணம் எண்டாங்கள். நல்லவேளை, சுத்தேல்லை. ஒரேயடியாச் செத்துப்போச்சு." யேசுரட்ணம் கதவைப் பிடித்துக்கொண்டு, "வயர் பழசு அண்ணை," என்றார். முப்பது வருடத்தில் அவர் கை வைத்த படம் நின்றதென்று சொல்லப்பட்ட முதல் குறை அது. அதை வாங்கிக்கொண்டார்.

கிளறிற்றா தேறினாள். பூசையில் மறுபடி பாடகர் குழுவில் நின்றாள். "அக்கான்ர காதில சொல்லிப்போட்டன், இனி எனக்கு ஒண்டுமில்லை," என்று காண்பவர்களிடம் சொன்னாள். அதைக் கேட்கும் இடத்தில் யேசுரட்ணம் நிற்கமாட்டார். வேறு பக்கத்தால் வெளியே போய்விடுவார்.

ஒரு மாதம் கழித்து மன்னாரிலிருந்து சாவீட்டின் முழுப் பதிவு வந்தது. ஜெனோஜாவுக்குத் தெரியாமல் படப்பிடிப்புக்காரர் நேராக யேசுரட்ணத்துக்கு அனுப்பியிருந்தார், பெரிய கோப்புகளை எல்லாரும் அவருக்குத்தான் அனுப்புவது வழக்கம். அவர் ஒரு பிற்பகலில் தனியே போட்டுப் பார்த்தார்.

தீர்த்தம் தெளித்தபின் கமரா முகத்தில் நிற்கிறது. குரல்கள் கேட்கின்றன.

"எங்க, எடுக்கேல்லையோ?" ஒரு ஆண் குரல்.

"எடுப்பா. கொஞ்சம் பொறுங்கோ," என்கிறாள் ஜெனோஜா.

பிறகு ஒரு பெண் குரல். "ஆறு வரியமா எடுக்காதவள் இப்பவோ எடுக்கப்போறாள்? மூடுங்கோ, கோயிலுக்கு நேரமாகுது."

மூடி வருகிறது. கமரா பின்வாங்குகிறது. பாட்டுத் தொடங்குகிறது. இரண்டு ஆண்கள் திருகாணிகளோடு குனியும்போது ஜெனோஜாவின் கையில் தொலைபேசி அடிக்கிறது. அவள் எடுக்கிறாள், ஏதோ சொல்கிறாள், தலைமாட்டில் குனிந்து தொலைபேசியை மரத்தோடு சேர்த்துப் பிடிக்கிறாள். அந்த இரண்டு ஆண்களும் திருகாணியைக் கையில் வைத்தபடி நிற்கிறார்கள். அவர்களில் ஒருவர் ஜெனோஜாவைப் பார்த்து, திறக்கவா என்று கையால் கேட்கிறார். அவள் மரத்தோடு பிடித்த கையை எடுக்கவில்லை. அவர் கை சற்று நேரம் அப்படியே இருந்து, இறங்குகிறது.

யேசுரட்ணம் அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். திருகாணி பூட்டப்படவில்லை. அவர் செருகியைப் பிடுங்கிய நேரத்தில், "பிள்ளை, மூடிப்போட்டாங்கள், திறக்கச் சொல்லுங்கோ" என்று சொல்லியிருந்தால் திறந்திருப்பார்கள். ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது. அதற்குப் பதிலாக அவர் தனக்குத் தெரிந்ததையே செய்தார். தடங்கலைப் பார்ப்பவருக்குத் தெரியாமல் மறைத்தார். அது இரக்கமா, தன் ஏற்பாட்டின் பழுது பத்துப் பேர் முன் தெரிந்துவிடும் என்ற கூச்சமா? இரண்டும் ஒரே கையில் இருந்திருக்கலாம். கணத்தில் செய்ததைப் பிறகு பிரித்துப் பார்க்க யாராலும் ஆவதில்லை, செய்தவராலும்.

கத்தரின் தேநீரோடு வந்தவள் திரையைக் கண்டு நின்றாள். முழுவதையும் பார்த்தாள்.

"அந்த இடத்தை வெட்டிப்போட்டுக் குடுங்கோ," என்றாள்.

அவர் தேநீரை வாங்கி மேசையில் வைத்தார்.

"மூண்டு நிமிசம். கலியாண வீடியோவில ஆக்கள் விழுந்ததையே தெரியாமல் வெட்டினனீங்கள். அந்தப் பெட்டை இப்பதான் நித்திரை கொள்ளுது. 'எடுக்கமாட்டாள்' எண்டு சொன்னதை அது கேக்கவேணுமோ?"

வெட்டுவது அவருக்கு ஐந்து நிமிட வேலை. முகத்திலிருந்து நேராகத் தோள்களுக்குத் தாவினால், கமரா மாறியது என்று நினைப்பாள். பதிவு வந்ததைக் கேள்விப்பட்ட கிளறிற்றா ஞாயிறுதோறும் கேட்டாள். கோப்புப் பெரிது, மாற்றவேண்டும், டிரைவ் வாங்கவேண்டும் என்று ஆறு வாரம் சொன்னார். அந்த ஆறு வாரத்தில் புதிதாக யாருடைய வீட்டுக்கும் போகவில்லை. ஏற்கெனவே செய்து கொடுத்த வீடுகளுக்குப் போய், சேர்த்து வைக்கும் இரண்டு நிமிடத்தை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். "பழையபடி நிக்குதே அண்ணை," என்று முறைப்பாடு வந்தது. "நிக்கட்டும்," என்றார்.

ஏழாவது ஞாயிறு பூசை முடிந்து, "வாங்கோ பிள்ளை, பாப்பம்," என்று கிளறிற்றாவை வீட்டுக்குக் கூட்டி வந்தார். கத்தரின் சமையலறையில் இருந்தாள். வெட்டியாயிற்று என்றே அவள் நினைத்திருந்தாள்.

"இந்த முறை கறுக்காதே அண்ணை?" என்று கிளறிற்றா சிரித்தாள்.

"கறுக்காது."

ரிமோட்டை அவள் கையில் கொடுத்தார். ஒலியைக் கூட்டினார். முன்கூட்டி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். ஒரு மனிதர் தன் வாயால் சொல்லியிருந்தால் அந்தப் பெண்ணுக்கு அது சற்று மெதுவாக இறங்கியிருக்கும். அவர் எதிர்க் கதிரையில் உட்கார்ந்து, திரையைப் பாராமல், அவள் முகத்தைப் பார்த்தபடி இருந்தார்.

தீர்த்தம். முகம். குரல்கள். "மூடுங்கோ." மூடி. பாட்டு. மரத்தோடு பிடித்த தொலைபேசி. திறக்கவா என்று கேட்கும் கை.

கிளறிற்றா படத்தை நிறுத்தினாள். திரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அண்ணைக்கு அப்பவே தெரியுமோ?"

"ஓம்."

"கரண்ட் போனது?"

"நான்தான்."

அவள் ரிமோட்டை மேசையில் வைத்துவிட்டு எழுந்தாள். சமையலறை வாசலில் நின்ற கத்தரினிடம் போய்வருகிறேன் என்று தலையசைத்தாள். அவரைப் பார்க்கவில்லை. படியிறங்கும் சத்தம் கேட்டது. அதன்பிறகு அவள் அந்த வீட்டுக்கு வரவில்லை. ஜெனோஜாவோடு அன்று மாலையே பேசி, இருவரும் அழுதார்கள் என்று கேள்வி. அதற்கு அடுத்த ஆண்டு கடவுச்சீட்டு வந்ததும் மன்னாருக்குப் போனாள். திரும்பி வந்து பாடகர் குழுவில் நிற்கிறாள். யேசுரட்ணம் இருக்கும் பக்கம் திரும்புவதில்லை.

இதை நேர்மை என்று உடனே புகழ்ந்துவிட முடியாது. நிம்மதியாய் இருந்த ஒருத்தியின் நிம்மதியைத் தன் பாரத்தை இறக்குவதற்காக எடுத்தார் என்று சொல்பவர்கள் உண்டு, கத்தரின் முதலாவதாக. அன்று அவள் கேட்டாள், "வெட்ட எவ்வளவு நேரம் செல்லும்? ஏன் வெட்டேல்லை?" அடுத்த வாரமும் கேட்டாள். பிறகொருநாள் காரில் போகும்போதும் கேட்டாள். அவர் காதில் விழாதவர்போல வீதியைப் பார்த்து ஓட்டினார்.